வாட்டும் யூனிட்டும்: பாதிக் கணக்கில் நடக்கும் மின் விவாதம்

மேட்டூர் அணையின் நிலவரத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி அச்சிடுகின்றன என்று கவனித்தால் ஒன்று தெரியும். நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று இரண்டு வகை எண்களையும் சேர்த்தே தருவார்கள். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. விநாடிக்கு ஏறத்தாழ 11,570 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டால் ஒரு டிஎம்சி குறையும். டெல்டாவில் சாகுபடி செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழகிப்போன ஒன்று. இருப்பையும் ஓட்டத்தையும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை. அதே பத்திரிகையில் மின்சாரச் செய்தி வரும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. 'நாளொன்றுக்கு 1000 மெகாவாட் உற்பத்தி' என்றும் 'மணிக்கு 500 மெகாவாட்' என்றும் எழுதுகிறார்கள். மெகாவாட் என்பதே ஓட்டத்தின் வேகம்தான். அதோடு மறுபடி ஒரு நாளையோ ஒரு மணியையோ ஒட்டவைப்பது, 'நாளொன்றுக்கு விநாடிக்கு பத்தாயிரம் கனஅடி' என்று எழுதுவதற்குச் சமம். இதை வெறும் எழுத்துப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டண உயர்வு, மின்வெட்டு, சூரிய மின்சாரம், விவசாய இலவச மின்சாரம் என்று நம் ஊரில் நடக்கும் மின் விவாதங்கள் எல்லாமே இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கின்றன. அதனால்தான் எந்தத் தரப்பும் எதிர்த்தரப்பின் கணக்கைப் புரிந்துகொள்ளாமலேயே சண்டை முடிகிறது. மின்சாரத்துக்கு எப்போதும் இரண்டு அளவுகள் உண்டு, விலையும் அந்த இரண்டிலிருந்தும்தான் வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. ஒரு கருவி எவ்வளவு வேகமாக ஆற்றலை இழுக்கிறது என்பதை வாட் சொல்கிறது. அப்படி இழுத்துக்கொண்டே எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் கிடைப்பது மொத்த ஆற்றல். ஆயிரம் வாட் இழுக்கும் இஸ்திரிப் பெட்டி நிற்காமல் ஒரு மணி நேரம் சூடேறினால் ஒரு கிலோவாட்-மணி. அதைத்தான் ரசீதில் ஒரு யூனிட் என்கிறோம். வீட்டு மீட்டரின் முகப்பிலேயே இது கண்ணுக்குத் தெரியும். இப்போதுள்ள மின்னணு மீட்டர்கள் பலவற்றில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கிலோவாட்-மணிக்கு 3200 துடிப்புகள் என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் கணக்கில் ஏறும். வீட்டில் ஒரு கிலோவாட் ஓடினால் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் சிமிட்டும். நூறு வாட் மட்டும் ஓடினால் பதினோரு விநாடிக்கு ஒருமுறைதான். சிமிட்டலின் வேகம் வாட், சிமிட்டல்களின் மொத்த எண்ணிக்கை யூனிட். கணக்கெடுக்க வரும் ஊழியர் அட்டையில் எழுதிவிட்டுப் போவது இரண்டாவதை மட்டுமே.

இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் வீட்டுச் செலவைப் பற்றிய பல நம்பிக்கைகள் கலைந்துபோகும். 750 வாட் மிக்ஸி இரைச்சல் போடுவதால் அதுதான் கரன்ட்டைத் தின்கிறது என்று தோன்றும். தினம் பத்து நிமிடம் ஓடினால் அது எடுப்பது யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. சத்தமில்லாமல் சுழலும் 75 வாட் மின்விசிறி தினம் பதினான்கு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும். அதை மாற்றி 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறி போட்டால் இரண்டு மாதக் கணக்கில் முப்பத்தெட்டு யூனிட் மிச்சம். டிவியை அணைத்த பிறகும் ஒரு செட்-டாப் பாக்ஸ் பத்து வாட் இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் பதினான்கு யூனிட். 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. அது எவ்வளவு என்று வாட்டில் மாற்றிப் பார்த்தால்தான் அளவு புரிகிறது. 60 நாள் என்பது 1,440 மணி நேரம். நூறு யூனிட்டை அதனால் வகுத்தால் சராசரி 69 வாட். பழைய மின்விசிறி ஒன்று இரவு பகலாக ஓடும் அளவு. ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய உதவி என்பதிலும், ஏசி வைத்த வீட்டுக்கு இது அற்பம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. சலுகையைப் பற்றிப் பேசும் இரு தரப்பாரும் இந்த 69 வாட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு இன்னும் நேர்மையாக இருக்கும். நாடு முழுவதையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 2023-24இல் இந்தியரின் தனிநபர் நுகர்வு ஆண்டுக்கு 1,395 யூனிட். ஆலைகள், ரயில்கள், பம்ப்செட்டுகள் எல்லாம் சேர்ந்த இந்தக் கணக்கில் ஒருவர் பங்குக்கு வருவது இடைவிடாத 160 வாட் மட்டுமே.

அளப்பது எப்படி என்ற கேள்வி மின் வணிகம் தொடங்கிய நாளிலிருந்தே இருந்தது. 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்த எடிசன், வாடிக்கையாளர் வீட்டில் துத்தநாகத் தகடுகள் மூழ்கிய ஒரு வேதி மீட்டரை வைத்தார். மின்னோட்டத்தின் ஒரு சிறு பகுதி அதன் வழியாகப் போகும். தகட்டின் எடை மாறும். அதை எடுத்துப்போய் நிறுத்துப் பார்த்துப் பணம் கேட்பார்கள். வாடிக்கையாளருக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை. அதே 1882இல் வில்லியம் சீமன்ஸ் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் ஆற்றல் பாயும் வேகத்துக்கு ஜேம்ஸ் வாட்டின் பெயரைச் சூட்ட முன்மொழிந்தார். நீராவி இயந்திரத்தை விற்க வாட் பயன்படுத்திய குதிரைத்திறனும் வேகத்தின் அளவுதான். 746 வாட் அது. இன்றும் கிணற்று மோட்டாரை எச்.பி. என்றே கேட்டு வாங்குகிறோம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்ற விற்பனை அளவை வகுத்தது பிரிட்டனின் வணிக வாரியம். காலனி ஆட்சியின் வழியாக அந்த யூனிட் நம் ரசீதுக்கு வந்து சேர்ந்தது.

யூனிட்டை மட்டும் எண்ணிக் காசு வாங்கினால் போதாது என்று முதலில் தெளிவாக எழுதியவர் ஜான் ஹாப்கின்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். மின் விநியோகத்தின் செலவைப் பற்றி 1892இல் அவர் ஆற்றிய உரையின் சாரம் இது: மின்நிலையத்தின் செலவில் பெரும்பகுதி எரிபொருளில் இல்லை, எந்த நேரம் கேட்டாலும் கொடுக்கத் தயாராக இயந்திரமும் கம்பியும் வைத்திருப்பதில் இருக்கிறது. ஆகவே வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கக்கூடும் என்பதற்கு ஒரு கட்டணம், உண்மையில் எடுத்த யூனிட்டுக்கு இன்னொரு கட்டணம். பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் இதற்கென்றே உச்ச இழுப்பைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அங்கே அதைப் பார்த்துவிட்டுப் போன சாமுவேல் இன்சல் சிகாகோவில் தம் மின் நிறுவனத்தையே அந்தக் கட்டணமுறையின் மேல் கட்டினார். மாலை விளக்கு நேரத்தில் மட்டும் வேலை செய்துகொண்டிருந்த இயந்திரங்களைப் பகலில் டிராம்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஓடவிட்டு யூனிட் விலையைக் குறைத்தார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகிவிட்ட விஷயம் இது. இன்று தமிழ்நாட்டில் நிலைக்கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்த வசூல் தந்திரம்போலப் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணாகவே பார்த்துவிடலாம். அனல் மின்நிலையம் கட்ட ஒரு மெகாவாட்டுக்கு இன்று எட்டு முதல் பத்து கோடி ரூபாய் ஆகிறது. வட்டி, தேய்மானம், ஆள் சம்பளம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மெகாவாட் ஆண்டில் 7,000 மணி நேரம் ஓடினால் 70 லட்சம் யூனிட் தரும். ஒரு யூனிட்டின் மேல் விழும் நிலைச்செலவு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. கோடையின் உச்சத்தை மட்டும் தாங்குவதற்காக ஆண்டுக்கு நூறு மணி நேரம் ஓடினால் கிடைப்பது ஒரு லட்சம் யூனிட். நிலைச்செலவு யூனிட்டுக்கு நூறு ரூபாய். நிலக்கரி விலை இரண்டிலும் ஒன்றுதான். எந்த நேரத்தில், எத்தனை பேர் சேர்ந்து கேட்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் முழுவதும் இருக்கிறது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கும் அதிகமாக மின்சாரம் செலவானது. 45.4 கோடியை 24 மணியால் வகுத்தால் சராசரி 18,900 மெகாவாட் வருகிறது. அந்தக் கொதிக்கும் வாரத்திலேயே உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே 1,900 மெகாவாட் இடைவெளி. மழைக்கால நாட்களில் தேவை இன்னும் பல ஆயிரம் மெகாவாட் இறங்கிவிடும். உச்சத்துக்காக ஏற்பாடு செய்த திறன் ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கும். அதற்கான பணத்தை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். யூனிட் விலைக்குள் அது கரைந்துவிடுவதால் யார் கொடுக்கிறார்கள் என்பது மறைந்துவிடுகிறது.

நிறுவுதிறன் என்ற எண்ணிலும் இதே மயக்கம்தான். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் முடிந்த சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலை 1000 மெகாவாட். கேட்பவருக்கு ஒன்று மற்றொன்றில் மூன்றில் இரண்டு பங்கு என்று தோன்றும். நம் ஊரில் சூரியத் தகடுகள் ஆண்டு சராசரியில் தம் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தருகின்றன. கமுதி ஒரு நாளைக்குத் தோராயமாக 31 லட்சம் யூனிட் கொடுக்கும். முழுத் திறனில் ஓடும் உலை கொடுப்பது 2.4 கோடி யூனிட். யூனிட் கணக்கில் விகிதம் எட்டில் ஒன்று. இதை வைத்துச் சூரிய மின்சாரமே ஏமாற்று என்று சொல்பவர்கள் மறுபக்கத்தில் அதே தவறைச் செய்கிறார்கள். உலை பழுதாகியோ எரிபொருள் மாற்றவோ நின்றால் 1000 மெகாவாட்டும் மொத்தமாகப் போகும். எரிபொருள் வாங்க வேண்டாத தகட்டின் யூனிட் மலிவு. இரண்டையும் ஒரே அலகில் நிறுத்தி ஒன்றை வெற்றி என்றும் மற்றதைத் தோல்வி என்றும் அறிவிப்பதுதான் பிழை. இந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை 2012இன் மின்வெட்டு. அப்போது தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் மட்டுமே ஏறத்தாழ 7,000 மெகாவாட், நாட்டிலேயே முதலிடம். ஆனால் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று அக்டோபருக்குப் பிறகு படுத்துவிடும். பெயர்ப்பலகையில் இருந்த 7,000 மெகாவாட்டில் சில நூறுதான் அப்போது கம்பிக்கு வந்தது. 'இவ்வளவு காற்றாலை இருந்தும் ஏன் வெட்டு?' என்று ஊரெல்லாம் கேட்டது நியாயமான கேள்வி. எந்த மாதத்தில், எந்த மணியில், எத்தனை மெகாவாட் என்று பிரித்துச் சொன்ன பதில்தான் மக்கள் காதுக்கு வரவில்லை.

நேரம் தவறிய யூனிட்டுக்கு மதிப்பு குறைவு என்பதைக் காட்ட, ஆனைமலைக் காடுகளுக்குள் இருக்கும் காடம்பாறையை விடச் சிறந்த சான்று இல்லை. 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய இந்த 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்தில், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள்; தேவை உச்சத்துக்குப் போகும்போது அதையே கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இத்தகைய நிலையங்களில் ஏற்றுவதற்கு நூறு யூனிட் செலவிட்டால் திரும்பக் கிடைப்பது எழுபத்தைந்து, எண்பதுதான். யூனிட்டை மட்டும் எண்ணுபவர் இதை இழுத்து மூடச் சொல்வார். இழந்த இருபத்தைந்து யூனிட்டின் விலையும், மாலை ஏழு மணிக்குக் கிடைத்த 400 மெகாவாட்டின் விலையும் ஒன்றல்ல என்று தெரிந்தவர் இன்னும் பத்து காடம்பாறை கேட்பார். மின்சந்தையும் இதையே சொல்கிறது. அங்கே ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 ஆகப் பிரித்து விற்கிறார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும் யூனிட், சில நாட்களில் அன்று மாலையே விலை வரம்பான 10 ரூபாயில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. பேட்டரி சேமிப்பைப் பற்றிய அறிவிப்புகளில் இந்த இரட்டைக் கணக்கு இன்னும் அவசியம். 500 மெகாவாட் பேட்டரி என்று மட்டும் சொன்னால் அது ஒரு மணி நேரம் தாங்குமா, நான்கு மணி நேரம் தாங்குமா என்று தெரியாது. 1000 மெகாவாட்-மணி என்று மட்டும் சொன்னால் எவ்வளவு வேகத்தில் கொடுக்கும் என்று தெரியாது. வீட்டு இன்வர்ட்டரிலும் இதுவே நடக்கிறது. 900 விஏ என்பது ஒரே நேரத்தில் எத்தனை விசிறி, விளக்கு போடலாம் என்பதைச் சொல்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்பது, பெருக்கினால் 1.8 யூனிட், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. கடையில் முதலாவதை மட்டும் விசாரித்து வாங்கியவர் இரவு இரண்டு மணிக்கு விசிறி நின்றதும் இன்வர்ட்டரைக் குறை சொல்கிறார்.

இரண்டு கணக்கு வேண்டும் என்றால், நிலைக்கட்டண உயர்வை ஆதரிக்கிறீர்களா என்ற கேள்வி உடனே எழும். இது கனமான ஆட்சேபம். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில், 50 கிலோவாட்டுக்கு மேல் மின்பளு உள்ள தாழ்வழுத்தத் தொழிற்கூடங்களுக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் 150 ரூபாய் அளவுக்குப் போனது. கோவை, திருப்பூர், ஈரோடு என்று சிறு தொழில் ஊர்கள் 2023இல் கதவடைப்பு செய்தன. ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நிற்கும் மாதத்திலும் கட்டணம் வருகிறதே என்ற அவர்களின் குறை உண்மையானது. மின்கட்டமைப்புக்கு நிலையான செலவு உண்டு என்ற மின்வாரியத்தின் வாதமும் உண்மையானது. என் பார்வையில் இங்கே தவறு, கிலோவாட்டுக்குக் காசு கேட்டதில் இல்லை. எந்தக் கிலோவாட்டுக்குக் கேட்பது என்பதில் இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த மின்பளு வேறு, பட்டறை உண்மையில் இழுத்த உச்சம் வேறு, மாநிலமே திணறும் மாலை நேரத்தில் அந்தப் பட்டறை இழுத்தது வேறு. ஹாப்கின்சனின் தர்க்கம் முழு வலுவோடு பொருந்துவது மூன்றாவதற்குத்தான். காலை பத்து மணிக்கு 60 கிலோவாட் இழுத்து, மாலை ஆறு மணிக்கு ஷட்டர் இறக்கிவிடும் பட்டறை உச்சத்துக்குப் பாரமே இல்லை. அதனிடம் 60 கிலோவாட்டுக்கும் நிலைக்கட்டணம் வாங்கும் முறை, அளவைச் சரியாகச் சொல்லி ஆளைத் தவறாகப் பிடிக்கிறது. உயரழுத்த நுகர்வோரிடம் கிலோவாட்டுக்குப் பதில் கேவிஏ கணக்கில் கேட்புக் கட்டணம் வாங்குவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் போய்த் திரும்புகிறது. கம்பியும் டிரான்ஸ்பார்மரும் அதையும் சுமந்து சூடாகின்றன. மில்களில் கெப்பாசிட்டர் வைத்துப் பவர் ஃபேக்டரை ஒன்றுக்குப் பக்கத்தில் நிறுத்துவது இதற்காகத்தான்.

விவசாயத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வாட் மட்டும் பதிவாகியிருக்கிறது, யூனிட் இல்லை. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின்இணைப்புகள் உண்டு. ஒருகாலத்தில் எச்.பி.க்கு ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணம் இருந்தது. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. அதனால் அரசு எவ்வளவு மானியம் தர வேண்டும் என்பதை எச்.பி.யை உத்தேச ஓட்ட நேரத்தால் பெருக்கித்தான் மதிப்பிடுகிறார்கள். ஐந்து எச்.பி. மோட்டார் என்றால் 3.7 கிலோவாட் என்பது அச்சில் கிடைக்கும் வேலை. நல்ல மோட்டாரே அதற்கு மேல் இழுக்கும், பலமுறை காயில் கட்டிய மோட்டார் இன்னும் அதிகமாக இழுக்கும். நிலத்தடி நீர் இறங்க இறங்க, அனுமதி பெற்றதைவிடப் பெரிய மோட்டார் இறங்கியிருக்கும் கிணறுகளும் உண்டு. ஓட்ட நேரமோ மழையையும் பயிரையும் பொறுத்தது. பெருக்கலின் இரு உறுப்புகளும் ஊகம். இந்த ஊகத்தின் விளைவு வயலோடு நிற்பதில்லை. மின்வாரியம் வாங்கிய மொத்த யூனிட்டிலிருந்து மீட்டரில் பதிவானதையும் விவசாய மதிப்பீட்டையும் கழித்தால் மிஞ்சுவதுதான் கம்பி இழப்பும் திருட்டும். விவசாயம் அதிகம் எடுத்தது என்று எழுதினால் இழப்பு குறைந்ததுபோலத் தெரியும். விவசாயியின் பெயரில் யாருடைய கசிவு கணக்காகிறது என்பதைச் சொல்ல வழியே இல்லை. மீட்டர் வைத்தால் நாளைக்கே பில் வரும் என்ற விவசாயிகளின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மின்கட்டணத்துக்கு எதிராகத் தமிழக விவசாயிகள் நடத்திய போராட்டங்களில் உயிர்களே போயிருக்கின்றன. ஆனால் அளப்பதும் காசு கேட்பதும் ஒரே செயல் அல்ல. பம்ப்செட்டுகளுக்கு மட்டும் மின்சாரம் போகும் டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் வைத்தால் எந்த ஒரு விவசாயியின் வாசலையும் தொடாமல் உண்மையான யூனிட் தெரிந்துவிடும். குஜராத் ஜோதிகிராம் திட்டத்தில் விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் மின்பாதைகளைத் தனித்தனியாகப் பிரித்தது. பிரித்த பாதையில் அளப்பது எளிது. இலவசம் தொடரலாம், தொடர வேண்டும் என்பதே என் கருத்து. அது எவ்வளவு என்று தெரிந்து தொடரட்டும்.

அறிவியல் தூய்மையை விரும்புபவர்கள் வேறொரு பக்கத்திலிருந்து வருவார்கள். சர்வதேச முறையில் ஆற்றலுக்கு ஜூல் இருக்கும்போது, வேகத்தின் அலகை நேரத்தால் திரும்பப் பெருக்கி உருவாக்கிய கிலோவாட்-மணி எதற்கு, குழப்பமே அதிலிருந்துதானே வருகிறது என்பார்கள். ஒரு வாட் ஒரு விநாடி ஓடினால் ஒரு ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். வாதம் தர்க்கப்படி சரி. நடைமுறையில் ஜூலுக்கு மாறினால் ரசீதில் கோடிகள் வரிசைகட்டும். மனிதர் வாழ்வது விநாடியில் அல்ல, மணியில். ஒன்றரை கிலோவாட் ஏசி எட்டு மணி நேரம் என்றதும் பன்னிரண்டு யூனிட் என்று மனக்கணக்காகச் சொல்லிவிட முடிவதே கிலோவாட்-மணியின் பலம். கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் டேவிட் மெக்கே, 2008இல் வந்த தம் ஆற்றல் நூலில் எல்லாவற்றையும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோவாட்-மணி என்ற ஒரே அளவில் எழுதினார். நாளொன்றுக்கு ஒரு யூனிட் என்பது ஏறத்தாழ 40 வாட். ஆக அவர் கையாண்டதும் வேகத்தின் அளவுதான், வீட்டில் இருப்பவருக்குப் பழகிய வடிவத்தில். அலகு எது என்பது இரண்டாம்பட்சம். ஓட்டம், மொத்தம் இரண்டும் சொல்லப்படுகின்றனவா என்பதே முதல் கேள்வி.

கடைசியாக ஓர் ஆட்சேபம்: தொழிற்சாலைக்கும் மின்வாரியத்துக்கும் இதெல்லாம் சரி, வீட்டுக்காரருக்கு யூனிட் ஒன்று போதாதா? இதுவரை ஓரளவு போதுமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். விளக்கும் விசிறியும் டிவியும் இருந்த வீடுகளில் உச்சம் ஒரு கிலோவாட்டைத் தாண்டுவது அரிது. வீட்டுக்கு வீடு வித்தியாசமும் குறைவு. இப்போது நிலைமை மாறிவிட்டது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எடுக்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் மாலை ஏழரை மணிக்கு ஏசி, இன்டக்ஷன் அடுப்பு, கீசர் மூன்றும் சேர்ந்து ஐந்து கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். மற்றதில் விசிறிகளும் பிரிட்ஜும் நாள் முழுக்கப் பரவலாக ஓடும். உச்சம் ஒன்றரை கிலோவாட்டைத் தாண்டாது. இருவருக்கும் ஒரே பில். தெருவின் டிரான்ஸ்பார்மருக்கு இருவரும் ஒன்றல்ல. மின்கார்கள் பெருகும்போது இது இன்னும் கூர்மையாகும். 40 யூனிட் பேட்டரி உள்ள காரை இரவு முழுக்க மெதுவாகவும் ஏற்றலாம், ஏழு கிலோவாட் சார்ஜரில் ஆறு மணி நேரத்திலும் ஏற்றலாம். யூனிட் இரண்டிலும் ஒன்றே. ஆனால் இருபது வீடுகள் மாலை எட்டு மணிக்கு ஒரே சமயத்தில் ஏழு ஏழு கிலோவாட் இழுத்தால் 140 கிலோவாட். அந்தத் தெருவில் நிற்பது 100 கேவிஏ டிரான்ஸ்பார்மராக இருந்தால் அது தாங்காது. நேரத்துக்கேற்ற கட்டணத்தை மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதித் திருத்தம் முன்வைப்பது இதனால்தான்: வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் கூடுதல் விலை, விவசாயம் தவிர எல்லோருக்கும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு. சமைப்பதும் துவைப்பதும் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களின் தலையில் விழுந்திருக்கும் வீடுகளில் மாலை உச்சத்தைத் தள்ளிப்போடச் சொல்வது கொடுமை. அதனால் வீடுகளுக்கு உச்ச நேர அபராதம் விதிப்பதை நான் ஏற்கவில்லை. பகல் மலிவை மட்டும் கொடுத்துத் தொடங்கலாம்.

கூரைச் சூரியத் தகடு வைத்தவர்களுக்கும் மின்வாரியத்துக்கும் நடக்கும் வலையமைப்புக் கட்டணச் சண்டையும் இந்த இரண்டு கணக்குகளின் மோதல்தான். மூன்று கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட், மாதம் 360 யூனிட் தரும். மத்திய அரசின் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. வீட்டுக்காரர் யூனிட்டைப் பார்த்து, எடுத்ததும் கொடுத்ததும் சரிக்குச் சரி, எனக்கெதற்குக் கட்டணம் என்கிறார். மின்வாரியம் கிலோவாட்டைப் பார்த்து, மாலை ஏழு மணிக்கு உங்கள் கூரை தருவது பூஜ்யம், என் கம்பி தருவது மூன்று கிலோவாட் என்கிறது. இரண்டும் சரி. தீர்வு தகடு உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டின் மேலும் கட்டணம் போடுவது அல்ல. அந்த வீடு மாலை உச்சத்தில் கம்பியிலிருந்து இழுப்பதை அளந்து, தகடு இல்லாத வீட்டுக்கும் அதே அளவுகோலை வைப்பதே. நேரத்தோடு சேர்த்து அளக்க ஸ்மார்ட் மீட்டர் வர வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம். உச்ச இழுப்பை மட்டும் தெரிந்துகொள்ள அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று வீடுகளில் இருக்கும் மின்னணு மீட்டர்கள் பலவற்றின் திரையில், யூனிட்டுக்கு அடுத்தபடி அதிகபட்ச இழுப்பு கிலோவாட்டில் வந்து போகிறது. அதையும் எழுதிக்கொண்டு போய் ரசீதில் யூனிட்டுக்குப் பக்கத்தில், கட்டணம் எதுவும் இல்லாமல், ஒரு வரியாக அச்சிட மின்வாரியத்துக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படாது.